இரும்புக்கும் தோல் உண்டு

முப்பத்து மூன்று வருடம் வங்கியில் வேலை பார்த்தேன். அதில் பாதிக் காலம் விவசாயக் கடன் மேசை. ஆயில் எஞ்ஜின், மோட்டார், டிராக்டர், பவர் டில்லர் என்று எத்தனையோ கடன் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பேலன்ஸ் ஷீட்டில் இயந்திரம் என்ற வரிக்குக் கீழே ‘தேய்மானம் 15 சதவீதம்’ என்று வரும். அதைக் கழித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவேன். இயந்திரத்தில் எந்த இடம் தேய்கிறது, எதனால் தேய்கிறது என்று ஒரு நாளும் யாரையும் கேட்டதில்லை. ஓய்வு பெற்று நாட்றம்பள்ளி பக்கம் நாலரை ஏக்கரில் இறங்கிய பிறகுதான் கேட்க வேண்டி வந்தது. கேட்க வைத்தது என்னுடைய பவர் டில்லர்.

நம் இதழில் மண்ணைப் பற்றி, விதையைப் பற்றி, பூச்சியைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். நாம் பிடித்து ஓட்டும் இரும்பைப் பற்றிப் படித்தது குறைவு. இயற்கை விவசாயிக்கு இரும்பு எதற்கு என்று கேட்கும் நண்பர்களும் இருக்கிறார்கள். மாடு வைத்து உழ முடிந்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். என் முட்டிக்கு அது முடியவில்லை. டில்லர் வாங்கினேன், அதுவும் பழையது.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்னால் டில்லர் புகைய ஆரம்பித்தது. எஞ்ஜினைப் பிரித்துப் பார்த்ததில் லைனர் தேய்ந்துவிட்டது என்றார்கள். லைனர் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை. ஒரு லேத் பட்டறையில் புது லைனர் இறக்கி, அளவுக்குக் கடைந்து, புது ரிங் செட் போட்டுக் கொடுத்தார்கள். கூலியும் சாமானும் சேர்த்து 11,000 ரூபாய். லைனரை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தேன். என் முகம் தெரிந்தது. அவ்வளவு பளபளப்பு. மனசுக்குள் சந்தோஷம். கொடுத்த காசுக்கு வேலை நடந்திருக்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, புது எஞ்ஜினை நோகடிக்கக் கூடாது என்று, நாலு நாள் வெறுமனே களத்தில் நிறுத்தி மெதுவாக ஓட விட்டேன். கடன் கொடுத்தவன் புத்தி, எதிலும் எச்சரிக்கை. எண்ணெயும் நல்ல எண்ணெய், புது டின் உடைத்து ஊற்றியது.

19 நாள் ஓடியது. புகை நிற்கவே இல்லை, எண்ணெய் குடித்துக்கொண்டே இருந்தது. இருபதாம் நாள் பலதானியம் மடக்கி உழுகும்போது வயல் நடுவில் ஜாம் ஆகி நின்றுவிட்டது. ஊரில் அத்தனை பேரும் விதைப்பில் இருந்தார்கள். வாடகை டிராக்டர் கிடைக்க 11 நாள் ஆனது. பூக்கும் தறுவாயில் மடக்க வேண்டிய சணப்பும் கொளுஞ்சியும் தண்டு முற்றி நாராகிவிட்டன. முற்றிய தண்டை மடக்கினால் அது மக்குவதற்கே மண்ணில் இருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியும். பிறகு போட்ட கேழ்வரகு ஒரு மாதம் வெளிறியே நின்றது. பட்டறைக்குக் கொடுத்த காசைவிட அதுதான் எனக்கு வலித்தது.

அடுத்து வாணியம்பாடியில் ஒரு பழைய மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் லைனரைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தார்.

“மேனேஜர் சார், கண்ணாடி மாதிரி இருந்திருக்குது. அதான் தப்பு.”

“கண்ணாடி மாதிரி இருந்தா நல்லதுதானே பாய்?”

“மொகம் பாக்க நல்லது சார். ரிங்குக்கு ஆவாது. எண்ணெ எங்க நிக்கும்?”

இந்தக் கேள்வியோடு ஊருக்கு வந்தேன். பட்டதாரிதான், ஆனால் படித்தது வணிகவியல். தேடித் தேடிப் படித்து, பாயிடம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டு, புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வழவழப்பான உலோகம் என்று ஒன்று கிடையாது. ஏலகிரியை நாட்றம்பள்ளி சாலையிலிருந்து பார்த்தால் மேல்விளிம்பு ஒரு கோடு போட்டது மாதிரி இருக்கும். ஏறிப் பார்த்தால் 14 கொண்டை ஊசி வளைவு. இரும்பின் பரப்பும் அப்படித்தான். கைக்கு வழவழ, நுண்ணோக்கிக்கு மேடும் பள்ளமும். அந்த மேடு பள்ளத்தை அளக்கும் அலகு மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். நன்றாகக் கடைந்த லைனரின் மேடு பள்ளம் சராசரியாக ஒரு மைக்ரானுக்கும் கீழே. இரண்டு உலோகத்தை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் முழுப் பரப்பும் தொடுவதில்லை. சில மேடுகளின் உச்சி மட்டும்தான் தொடுகிறது, அத்தனை பாரமும் அந்த உச்சிகளின் மேல். அங்கே இரும்பு நசுங்கும், சூடேறும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் பிய்ந்து வரும். பிய்ந்து வந்த தூள்தான் தேய்மானம்.

இப்போது நடுவில் எண்ணெய். ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தால் பாறைக்கு மேலேயே பரிசல் போகும், அடி தட்டாது. தண்ணீர் குறைந்தால் பெரிய பாறைகள் மட்டும் அங்கங்கே தட்டும். வற்றிவிட்டால் அடி முழுவதும் பாறையில் இழுபடும். எண்ணெய்ப் படலத்துக்கும் இதே மூன்று நிலை. படலத்தின் தடிமன் மேடுகளின் உயரத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் உலோகம் உலோகத்தைத் தொடாது, தேய்மானமும் ஏறக்குறைய இல்லை. ஒரு மடங்குக்கும் கீழே போனால் எண்ணெய் இருந்தும் இல்லாத கணக்கு. இதைச் சோதனை செய்து வளைகோடு வரைந்து காட்டியவர் ஜெர்மனியின் ஸ்ட்ரைபெக், 1902இல். ஆக, எண்ணெய் போதுமா என்ற கேள்விக்கு எண்ணெயை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. பாறை எவ்வளவு உயரம் என்று தெரிந்தால்தான் ஏரியில் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று சொல்ல முடியும்.

எண்ணெய் எப்படி ஒரு பாரத்தைத் தூக்குகிறது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1880களில் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர், ரயில் அச்சில் வருகிற மாதிரியான தாங்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகத் தாங்கியின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சைச் சுழற்றினால் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார், தக்கை எகிறியது. மரக்கட்டை அடித்தார், அதுவும் மெல்ல வெளியே வந்தது. அழுத்தமானி மாட்டிய பிறகுதான் தெரிந்தது, சுழலும் அச்சு எண்ணெயை ஆப்பு மாதிரி இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு போகிறது, அந்த ஆப்புதான் பாரம் முழுவதையும் தூக்கி நிறுத்துகிறது என்று. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். கவனிக்க வேண்டியது, ஆப்பு உண்டாக வேகம் வேண்டும். அச்சு நின்றால் ஆப்பு இல்லை.

பிஸ்டனில்தான் சிக்கல். அது சுழலும் சாமான் இல்லை, ஏறி இறங்கும் சாமான். நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும் எஞ்ஜினில் பிஸ்டன் 4000 முறை நின்று திரும்புகிறது. நடுவழியில் வேகம் இருக்கிறது, படலம் இருக்கிறது. உச்சியில் நின்று திரும்பும் அந்தக் கணத்தில் வேகம் பூஜ்யம். அங்கேதான் வெடிப்பின் சூடும் அழுத்தமும் உச்சம். ஏரி வற்றுகிற இடமும் பாறை இடிக்கிற இடமும் ஒன்றே. அதனால்தான் எந்த எஞ்ஜினைப் பிரித்தாலும் லைனரின் மேல்பக்கத்தில், ரிங் ஏறி நிற்கும் இடத்தில், நகம் தட்டும் அளவுக்கு ஒரு படி விழுந்திருக்கும். கீழ்ப்பக்கம் அவ்வளவு தேய்ந்திருக்காது. அடுத்த முறை உங்கள் எஞ்ஜின் பிரியும்போது நகத்தை வைத்துத் தடவிப் பாருங்கள்.

அந்த ஒரு கணத்துக்கு எண்ணெய் எங்கிருந்து வரும்? பள்ளத்தில் தேங்கி நிற்பதிலிருந்துதான் வர வேண்டும். மானாவாரி நிலம் வைத்திருப்பவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. இறுகிப் போய் மொழுமொழுவென்று இருக்கும் நிலத்தில் எவ்வளவு மழை பெய்தாலும் ஓடிப்போய்விடும். சரிவுக்குக் குறுக்கே சால் ஓட்டிய நிலத்தில் சாலுக்குச் சால் தண்ணீர் நிற்கும், மழை நின்ற பிறகும் ஈரம் இருக்கும். லைனருக்குள் சால் ஓட்டும் வேலைக்குப் பெயர்தான் ஹோனிங். சாணைக் கற்களைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் இழுத்தால், பெருக்கல் குறி மாதிரி ஒன்றை ஒன்று வெட்டும் நுண்கோடுகள் விழும். ஒவ்வொரு கோடும் சில மைக்ரான் ஆழம். நல்ல பட்டறைகளில் இன்னொரு வேலையும் செய்வார்கள். கோடு போட்ட பிறகு மென்கல்லால் மேட்டின் உச்சியை மட்டும் சீவிவிடுவார்கள். மேலே தட்டையான திட்டு, நடுவில் ஆழமான சால். ரிங் உட்கார திட்டு, எண்ணெய் நிற்க சால். என்னுடைய பட்டறையில் கடைசல் முடிந்ததும் உப்புத்தாளை வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டார்கள். சால் முழுவதையும் மூடி நிலத்தைச் சிமென்ட் களமாக்கியது போல.

லைனருக்கு வார்ப்பிரும்பைப் பயன்படுத்துவதற்கும் இதே காரணம் உண்டு. வார்ப்பிரும்புக்குள் பென்சில் கரி மாதிரியான கிராஃபைட் இதழ்கள் இருக்கின்றன. அதுவே கொஞ்சம் வழுக்கும், அது உதிர்ந்த இடத்தில் எண்ணெய் தங்கும். விலை மலிவு என்பதற்காக மட்டும் வார்ப்பிரும்பு போடவில்லை.

பட்டறைக்காரர் தப்பு ஒரு பாதி. இன்னொரு பாதி என்னுடையது. புது ரிங்கும் புது லைனரும் முதல் சில மணி நேரத்தில் ஒன்றை ஒன்று செதுக்கிப் பொருத்திக்கொள்கின்றன. மேடுகளின் கூர்மை அப்போதுதான் கழிகிறது. இதற்கு ரிங் சுவரோடு நன்றாக அழுந்த வேண்டும். ரிங்கை அழுத்துவது அதன் பின்னால் புகும் வெடிப்பு வாயுவின் அழுத்தம். வேலை கொடுக்காமல் வெறுமனே ஓடவிட்டால் அழுத்தம் போதாது. ரிங் உட்காராது, எண்ணெய் மேலே ஏறிக் கருகி லைனர் மேல் வார்னிஷ் மாதிரிப் படியும். கொஞ்ச நஞ்சம் இருந்த சாலும் மூடிப்போகும். நான் பாசத்தோடு நாலு நாள் செய்தது இதைத்தான். சரியான முறை, முதல் மணி நேரத்திலிருந்தே பாதி அளவு வேலை கொடுப்பது. லேசான மண்ணில் உழுவது, இறக்குவது, மறுபடி உழுவது. ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டக் கூடாது, முழுப் பாரமும் கொடுக்கக் கூடாது. அந்தச் சில மணி நேரத்தில் உதிரும் இரும்புத் தூள் எல்லாம் எண்ணெயில்தான் மிதக்கும். ஆகவே முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். எத்தனை மணி நேரம் என்று உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் இருக்கும், அதற்கு மேல் ஒரு நாள் தள்ளாதீர்கள்.

அடுத்தது கடினம். எது கடினமோ அது குறைவாகத் தேயும் என்று நாம் நினைக்கிறோம். தப்பில்லை. தேய்மானத்துக்கு எளிய வாய்ப்பாடு எழுதிய ஆர்ச்சர்ட் என்பவர் 1953இல் சொன்னதும் அதுதான். பாரமும் உரசும் தூரமும் கூடக் கூடத் தேய்மானம் கூடும், உலோகத்தின் கடினம் கூடக் கூடக் குறையும். ஆனால் வயலில் மூன்றாவதாக ஒரு ஆள் நடுவில் புகுகிறான். தூசி. நம் செம்மண்ணில் இருக்கும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். அது நாம் பயன்படுத்தும் எந்த எஃகையும் விடக் கடினம், நன்றாகப் பதம் ஏற்றிய பேரிங் எஃகையும் கீறும். கண்ணுக்குத் தெரியும் மணல் அவ்வளவு ஆபத்தில்லை, அது இடுக்குக்குள் நுழையவே முடியாது. ஐந்து முதல் இருபது மைக்ரான் வரை உள்ள, கண்ணுக்கே தெரியாத பொடிதான் எண்ணெய்ப் படலத்துக்குள் நுழைந்து இரண்டு பக்கமும் கீறும். கோடை உழவில் டில்லரைச் சுற்றி எழும்புகிறதே செம்புழுதி, அதில் இருப்பது அதுதான். ஏர் கிளீனர் கிண்ணத்தில் எண்ணெய் மட்டம் குறைந்தாலும், ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தாலும், எத்தனை விலை உயர்ந்த எஞ்ஜின் எண்ணெய் ஊற்றியும் பயனில்லை. நான் இப்போது கோடை உழவில் தினமும் காலையில் அந்தக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்கிறேன். சேறாகியிருந்தால் அன்றே கழுவுகிறேன்.

இந்த மூன்றாம் ஆளைச் சமாளிக்கப் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. கடினத்துக்கு எதிரே மென்மையை வைப்பது. கிராங்க் தண்டு கடினமான எஃகு, அது உட்காரும் பேரிங்கின் மேல்பூச்சு மென்மையான உலோகம். 1839இல் அமெரிக்காவில் ஐசக் பாபிட் என்பவர் வெள்ளீயத்தில் ஆண்டிமனியும் செம்பும் கலந்த ஒரு கலவையைத் தாங்கிகளுக்குள் பூசினார். தூசி வந்தால் அந்த மென்மையான பூச்சுக்குள் புதைந்துவிடும், தண்டு தப்பிக்கும். தண்டு லேசாகச் சாய்ந்திருந்தாலும் பூச்சு அதற்கேற்ப இழைந்துகொடுக்கும். தேய வேண்டியது எது, காக்க வேண்டியது எது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். விலை குறைந்தது தேயட்டும், தண்டு நிலைக்கட்டும். கன்மெட்டல் புஷ்ஷும் இதே கணக்கு. சில பேர் புஷ் அடிக்கடி போகிறது என்று இரும்பிலேயே கடைந்து மாட்டிவிடுகிறார்கள். அது பங்காளிக்குள் சம்பந்தம் வைத்த மாதிரி. ஒரே உலோகம் ஒன்றோடு ஒன்று உரசினால் மேடுகள் சுலபமாக ஒட்டிக்கொள்ளும், பற்றிக்கொண்டு பிய்க்கும். ஸ்டெயின்லெஸ் நட்டை ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் காய்ந்தபடி முறுக்கி, பாதியில் மாட்டிக்கொண்டு வெட்டி எடுத்தவர்கள் நம்மில் பலர் இருப்போம்.

எண்ணெயே இல்லாமல் தண்ணீரே மசகாக வேலை செய்யும் இடமும் நம்மிடம் இருக்கிறது. இந்தப் பக்கம் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டுகிறது. அதற்குள் தொங்கும் நீர்மூழ்கி மோட்டாரில், தண்ணீர் நிரப்பும் வகையில், பம்பின் கீழ்நோக்கிய அழுத்தம் முழுவதையும் தாங்குவது கார்பன் வட்டும் அதற்கு எதிரே ஸ்டெயின்லெஸ் சில்லுகளும். நடுவில் இருப்பது எண்ணெயைவிட மிக மெல்லிய தண்ணீர்ப் படலம். ஏரியில் தண்ணீர் குறைவென்றால் பாறையும் சின்னதாக இருக்க வேண்டும் அல்லவா? அதனால் அந்தப் பரப்புகளை மிக நுண்மையாகத் தேய்த்து எடுக்கிறார்கள். பளபளப்பு வேண்டிய இடம் இது. ஒவ்வொரு சில்லும் ஒரு முனையில் லேசாகச் சாய்ந்து டவர் பார்த்த அந்த ஆப்பை உண்டாக்கும். சாயும் சில்லுத் தாங்கிக்கு ஆஸ்திரேலியாவின் மிட்செல் 1905இல் காப்புரிமை எடுத்தார், அமெரிக்காவில் கிங்ஸ்பரி தனியாக இதையே கண்டார். நமக்கு இதில் தெரிய வேண்டியது இரண்டு. மோட்டாரை இறக்கும் முன் சுத்தமான தண்ணீரை, காற்றுக் குமிழி இல்லாமல், நிரப்ப வேண்டும். கிணற்றடியில் கிடக்கும் கலங்கல் தண்ணீரை மக்கில் மொண்டு ஊற்றுவதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். புதுக் கிணற்றில் மணல் வருவது நிற்கும் வரை கழுவிவிட்ட பிறகே நல்ல பம்பை இறக்க வேண்டும்.

நம் பகுதி தோல் பகுதி என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராக நிற்கும் இந்தியா மார்க் 2 கைப்பம்பில் உள்ளே பித்தளைக் குழல், அதற்குள் ஏறி இறங்கும் வாளியின் விளிம்பில் தோல் வாசர். தோல் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு குழலை ஈரமாகவே வைத்திருக்கும். ஆனால் குழலில் மணல் கீறல் விழுந்துவிட்டால் அந்தக் கீறலே அரம் மாதிரி வாசரை அறுக்கும். எத்தனை புது வாசர் போட்டாலும் சீக்கிரமே போகும். 1983 முதல் கோயம்புத்தூர் மாவட்டத்தில் உலக வங்கியும் ஐ.நா. அமைப்புகளும் இந்தப் பம்புகளை வருடக்கணக்கில் வைத்துச் சோதித்தார்கள். தோலுக்குப் பதிலாக நைட்ரைல் ரப்பர் வாசர் அதிக நாள் உழைப்பதை அங்கேதான் கண்டார்கள். அதன்பிறகு வந்த மார்க் 3இல் ரப்பர் வந்தது. தோல்காரர் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்கு மன்னிக்கவும்.

இனி வண்டி மை. என் தாத்தா வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி அச்சில் போடுவார். மாட்டு வண்டியின் வேகத்துக்கு எண்ணெய் ஆப்பு உண்டாகவே முடியாது. எப்போதும் வற்றிய ஏரிதான். அப்படியானால் எண்ணெய் என்ன செய்கிறது? விளக்கெண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் ரிசினோலிக் அமிலம் என்ற ஒன்று இருக்கிறது. அதன் மூலக்கூறின் ஒரு முனை இரும்பைப் பிடித்துக்கொள்ளும், வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். புல்தரை மாதிரி. பாறை பாறையை இடித்தாலும் நடுவில் புல் இருக்கிறது. 1922இல் ஹார்டி என்ற விஞ்ஞானி இதற்கு எல்லை உயவு என்று பொருள்படும் பெயர் வைத்தார். முதல் உலகப் போர் விமானங்களின் எஞ்ஜின்களிலும் விளக்கெண்ணெய்தான் ஓடியது. காஸ்ட்ரால் என்ற பெயரே 1909இல் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் டில்லர் எஞ்ஜினில் விளக்கெண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். சூட்டில் அது பிசின் ஆகும், டின் எண்ணெயோடு சரியாகக் கலக்கவும் கலக்காது. கோனோ வீடர் உருளையின் புஷ், கிணற்றுக் கப்பி, தள்ளுவண்டி அச்சு, கதவுக் கீல், மண்வெட்டி அரிவாள் துருப் பிடிக்காமல் துடைப்பதற்கு, இதற்கெல்லாம் தாராளமாகப் போடலாம். நெல் வயல் தண்ணீரில் உருளும் கோனோ வீடருக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. கசிந்தாலும் மண் அதைத் தின்றுவிடும். வேர்க்கடலை வயலைச் சுற்றி நாலு ஆமணக்குச் செடி நமக்கு எப்படியும் இருக்கிறது.

கடினமான தோல் வேண்டும் என்பதற்காக எஃகின் மேல் குரோமியம் பூசுவார்கள். மேல் ரிங்கில், டிராக்டரின் ஹைட்ராலிக் தண்டில் மின்னுவது அதுதான். நன்றாக உழைக்கும், சந்தேகமில்லை. குரோம் ரிங்கைக் குரோம் லைனரில் மட்டும் போடக் கூடாது. முன்பு சொன்ன பங்காளிக் கணக்கு. ஆனால் குரோமியம் என்ற சொல்லைப் பாலாற்றுக்காரன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. தோல் பதனிடும் உப்பிலும் அதுதான். முலாம் பூசும் தொட்டியில் இருப்பது அதைவிடக் கொடிய வடிவம். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் கழிவு குவிந்தது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு குரோம் ரிங் இரண்டு ரிங்கின் காலம் உழைத்தால் நல்லதுதான். தூசியைத் தடுத்து ஒரு ரிங்கை இரண்டு மடங்கு காலம் ஓட்ட முடிந்தால் அது அதைவிட நல்லது என்று நினைக்கிறேன்.

கழித்த எண்ணெய் விஷயமும் அப்படியே. கரையானுக்கு வேலிக் கம்பத்தில் பூசுவது, வாய்க்கால் ஓரக் களைக்கு ஊற்றுவது, நம் இயக்கத்துக்காரர்களே சிலர் செய்கிறார்கள். அந்தக் கறுப்பு எண்ணெயில் தேய்ந்து உதிர்ந்த உலோகம் இருக்கிறது, சூட்டில் உண்டான நச்சு இருக்கிறது. ரசாயன உரம் போடாத மண்ணில் இதை ஊற்றுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. நான் பழைய கேனில் சேர்த்து, எண்ணெய் மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர்களிடம் போய்ச்சேரும்படி பாயின் பட்டறையில் கொடுக்கிறேன்.

எண்ணெய் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை. வங்கியில் இருந்தபோது மை ஒற்றும் தாள் கட்டுக்கட்டாக வரும், இன்னும் என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. வடிகட்டும் தாளும் சரிதான். எஞ்ஜின் சூடாக இருக்கும்போது அளவுக் குச்சியிலிருந்து ஒரு சொட்டு அதில் வைத்து இரவு முழுக்க விடுங்கள். கறுப்பு ஒரே சீராகப் பரவி ஓரத்தில் மங்கினால் எண்ணெய்க்கு இன்னும் தெம்பு இருக்கிறது. நடுவில் திட்டாகக் கறுப்பு நின்று சுற்றி வெளுத்த வளையம் வந்தால் அழுக்கைச் சுமக்கும் சக்தி போய்விட்டது, மாற்றுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே ஒரு சொட்டைத் தேய்க்கும்போது நறநறவென்றால் எண்ணெயை மாற்றினால் மட்டும் போதாது, தூசி எந்த வழியாக வருகிறது என்று முதலில் தேடுங்கள்.

இரண்டாம் முறை லைனர் வேலை பாய் முன்னால் நடந்தது. கடைசல் முடிந்து, ஹோனிங் கல் போட்டு, வெயிலில் காட்டினார். முகம் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் பின்னல் பின்னலாகக் கோடு தெரிந்தது. கொண்டுபோய் மாட்டலாமா என்றேன். “இருங்க சார், முக்கியமான வேல இருக்குது” என்று வாளியில் சுடுதண்ணீரும் சோப்புத் தூளும் கொண்டுவரச் சொன்னார். டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் கல் தூள் சாலுக்குள்ளேயே தங்கிவிடுமாம், சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும்தான் அதைத் தூக்கி வெளியே கொண்டுவரும். கழுவிவிட்டு, கொஞ்சம் புது எஞ்ஜின் எண்ணெய் தடவி, வெள்ளைத் துணியால் துடைத்தோம். துணி கறுத்தது. மறுபடி கழுவு என்றார். மறுபடி துணி சாம்பலானது. ஏழாவது துணி வெள்ளையாகவே வந்தது. அதற்குப் பிறகே பிஸ்டனை எடுக்க விட்டார். அன்றிலிருந்து ஓடிய மணி நேரத்தைப் பழைய கடன் லெட்ஜர் ஒன்றில் எழுதி வருகிறேன். இன்று காலையோடு 642 மணி. எண்ணெய் மட்டம் இரண்டு மாற்றத்துக்கு நடுவே விரற்கடை அளவுகூடக் குறையவில்லை.